தீர்ப்புக்கு முந்திய மாலைப் பதிப்பு

ஹாசொங் நகரத்து மாலைத்தாளில் நீதிமன்றச் செய்தி எழுதும் போங் கிசொக், தீர்ப்புகளை நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுவார். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லலாம். அவர் மனைவி சொல்லியும் இருக்கிறாள். ஆனால் அந்த வருஷங்களில் அதில் தவறு வர வழியே கிடையாது. அவசரச் சட்ட வழக்கு என்றால், அரசுத் தரப்பு வக்கீல் எத்தனை வருஷம் கேட்கிறாரோ நீதிபதி அத்தனை வருஷம் கொடுப்பார். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. பேரம் பேசாத கடை என்று ஊரில் பெயர். வக்கீல்களே வாசலில் பார்த்துக்கொண்டால் ஒருவரையொருவர் இன்றைக்கு என்ன விலை என்றுதான் விசாரிப்பார்கள். விலைச்சீட்டு ஒட்டிய சாமானைப் பற்றி எழுத எதற்குக் கடை வரைக்கும் நடக்க வேண்டும் என்பது போங்கின் கட்சி. நடக்காமல் மிச்சமான நேரத்தில் அவர் மதிய உணவை ஆற அமரச் சாப்பிடுவார். அவருடைய தொப்பையின் பெரும்பகுதி அப்படி அவசரச் சட்டத்தில் வளர்ந்ததுதான்.

அன்றைக்கு எழுதவேண்டியிருந்தது மட்டும் கொஞ்சம் தொண்டையில் சிக்கியது. குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போகிறவர் மா தொக்சு. சந்தைத் தெரு சலூன்காரர். போங்கின் தலையைப் பல வருஷமாகக் கவனித்துக்கொண்டவர். முன்பக்கம் மயிர் பின்வாங்க ஆரம்பித்தபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் பக்கவாட்டிலிருந்து கடன் வாங்கிச் சீவிவிட்ட நல்ல மனிதர்.

மா செய்த குற்றம் இது. அந்த வருஷம் மேலிடத்துக்கு வாலிபப் பிள்ளைகளின் நீளமுடி பிடிக்காமல் போய்விட்டது. போலீஸ்காரர்கள் நாற்சந்தியில் கத்தரிக்கோலோடு நின்றார்கள். காதுக்குக் கீழே முடி இறங்கிய பையன்களைப் பிடித்து அங்கேயே கத்தரித்து அனுப்பினார்கள். மாவின் சலூனில் ஈ ஓட்டவேண்டிய நிலை. ஒரு சாயங்காலம், அரிசியில் காய்ச்சிய கள் விற்கும் கடையில் இரண்டு கிண்ணம் உள்ளே போனதும் அவர் பொதுவாக எல்லாருக்கும் சொன்னார்:

"போலீஸ்காரன் ஓசியில முடி வெட்ட ஆரம்பிச்சுட்டான். சரி, அவங்க கத்தரிக்கோலை எடுத்துக்கட்டும், நான் ஆட்சியை எடுத்துக்கறேன். எனக்கு அதுல பழக்கம் இல்லைதான். அவனுங்களுக்கு இதுல பழக்கம் இருக்கா? அந்தப் பசங்களோட பின்மண்டையைப் போய்ப் பாருங்க. எலி கடிச்ச மாதிரி இருக்கு."

பக்கத்து மேஜையில் கிண்ணத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவர் அதை அப்படியே மேலே சொல்லிவிட்டார். பொய் வதந்தி பரப்பி அரசை இழிவுபடுத்தியது என்று வழக்கு. போன வாரம் அரசு வக்கீல் மூன்று வருஷம் கேட்டாயிற்று. ஆகவே போங் எழுதினார்: "முடிதிருத்துபவர் மாவுக்கு மூன்றாண்டு சிறை." எழுத்து எப்போதும்போலத் தெளிவாகத்தான் வந்தது, அதுதான் அவருக்கே அவமானமாக இருந்தது. கனத்த மனசோடு சூப்புக் கடைக்குப் போனவர், துக்கத்தில் இறைச்சியைக் கொஞ்சம் கூடப் போடச் சொன்னார்.

செய்தியை எவ்வளவு சின்னதாகப் போடவேண்டும் என்பது காலையிலேயே முடிவாகியிருந்தது. தக் என்ற அதிகாரி தினமும் காலையில் ஜீப்பில் ஆசிரியர் நாம்குங்கின் அறைக்கு வந்துவிடுவார். அந்த ஊர் வழக்கப்படி முட்டை மஞ்சள்கரு மிதக்கும் காப்பியைக் குடித்துக்கொண்டே, எது பெரிசு, எது சின்னது, எது நடக்கவே இல்லை என்று சொல்வார். அவர் எந்த ஆபீஸ் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தலைநகரின் பெயரைச் சேர்த்து, சோல் ஆபீஸ் என்றால் புரியும். மத்தியானம் அதே தக் அதே ஜீப்பில் நீதிமன்றத்துக்குப் போவார். பத்திரிகைக்கும் நீதிக்கும் சேர்த்து மாகாணத்துக்கு ஒரே ஆள். பாவம், அவருக்கும் வேலைப்பளு அதிகம்.

போங் மறந்துபோனது ஒன்றே ஒன்று. அன்று மாதாந்திர விமானத்தாக்குதல் ஒத்திகை.

சங்கு ஊதியபோது அவர் பாதிச் சூப்பில் இருந்தார். கடைக்காரம்மா விளக்கை அணைத்தாள். சட்டப்படி எல்லாரும் இருந்த இடத்தில் அசையாமல் இருக்கவேண்டும். போங் கிண்ணத்தோடு மேஜைக்கு அடியில் போனார். முள்ளங்கி ஊறுகாய்த் தட்டை எடுக்க மறந்துவிட்டதுதான் அப்போது அவருக்கிருந்த ஒரே வருத்தம்.

இரண்டு தெரு தள்ளி, பொதுக்குளியல் கூடத்தில், நீதிபதி பியோ ஜுன்தெக் கழுத்துவரை வெந்நீர்த் தொட்டிக்குள் இருந்தார். விசாரணைக்கு முன்னால் ஒரு முழுக்குப் போடுவது அவர் வழக்கம். வேறு யாராக இருந்தாலும் சங்கு ஊதியதும் தொட்டியை விட்டு ஏறித் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். பியோ வாழ்நாள் முழுவதும் உத்தரவு மீறாதவர். அசையக்கூடாது என்றால் அசையக்கூடாது. ஆபத்து நீங்கிய சங்கு ஊதும்வரை அப்படியே வெந்தார். வெளியே எடுத்தபோது வேகவைத்த நண்டு நிறத்தில் இருந்தார் என்றும், "எந்தச் சட்டப் பிரிவு?" என்று ஒருமுறை முனகினார் என்றும் கூடத்து ஆள் பின்னால் ஊரெல்லாம் சொன்னான். மருத்துவமனையில் குளிர்ந்த துணி போட்டுப் படுக்கவைத்தார்கள். வழக்கு மறுநாள் காலைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

போங் பல்குத்தியபடி வெளியே வந்து, பழக்கதோஷத்தில் தெருமுனையில் தன் பத்திரிகையையே காசு கொடுத்து வாங்கினார். மூலையில் அவருடைய செய்தி, ஒற்றைப் பத்தியில், சொன்னபடியே சின்னதாக. இன்றைக்காவது போய் மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வருவோம் என்று மனசாட்சி தள்ளியதால் நீதிமன்றத்துக்கு நடந்தார். வாசலில் காவலாளி அவரைப் பார்த்து, நீதிபதி வெந்துவிட்டார், நாளைக்கு வாருங்கள் என்றார். போங் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தார். காவலாளியும் பார்த்தார். அவர் கையிலும் ஒன்று இருந்தது.

ஆபீசுக்குப் போங் ஓடினார். அந்தத் தொப்பையோடு அவர் ஓடியதைப் பார்த்த சந்தைக்காரர்கள் வடக்கே சண்டை மூண்டுவிட்டதா என்று விசாரித்தார்கள்.

ஆசிரியர் அறையில் நாம்குங் ஏற்கெனவே ராஜினாமாக் கடிதத்துக்கு நல்ல பேனா தேடிக்கொண்டிருந்தார். தக் சுவரைப் பார்த்து நின்றார். சோல் ஆபீசிலிருந்து தொலைபேசி வந்துவிட்டதாம். தலைநகரில் அந்த வாரம் வெளிநாட்டுச் சட்ட நிபுணர்கள் சிலர் தங்கியிருக்கிறார்கள். இந்த நாட்டு நீதிபதிகள் சுதந்திரமாகத் தீர்ப்புச் சொல்கிறார்களா என்று பார்க்க வந்தவர்கள். சொல்லப்படாத தீர்ப்பை அச்சடித்த பத்திரிகை அவர்கள் கைக்குப் போனால் தக்கின் தலை போகும். அதற்குப் பிறகு போங்கின் தலை என்பது பேச்சுக்கே வராத சில்லறை.

மறுப்புப் போடலாம் என்றார் நாம்குங். என்ன என்று போடுவது? இந்தத் தீர்ப்பு நாளைக்குத்தான் சொல்லப்படும் என்றா? அதையும் விட்டுவிட்டு, நீதிபதி வேறு எண்ணைச் சொல்லட்டும் என்று தக் யோசித்தார். இரண்டரை வருஷம்? அப்படியென்றால் பத்திரிகை கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னதாகும். நாலு வருஷம்? நீதிபதி பத்திரிகைமேல் கோபப்பட்டு ஒரு வருஷம் ஏற்றிவிட்டார் என்பார்கள். எந்த எண்ணைத் தொட்டாலும் மூன்றுக்கு உறவாகவே இருந்தது.

அப்போதுதான் மாவின் மனைவி ஒக்புன் உள்ளே வந்தாள். சத்தம் போட வந்திருக்கிறாள் என்று மூன்று ஆண்களும் ஒன்றாகப் பின்வாங்கினார்கள். அவள் சத்தம் போடவில்லை. மடித்த பத்திரிகையைப் போங்கின் முன்னால் வைத்தாள்.

"தம்பி, நாளைக்கு நான் கோர்ட்டுக்கு வரணுமா, வேண்டாமா? அதான் முடிஞ்சுபோச்சுன்னு போட்டிருக்கீங்களே."

போங் பத்திரிகையைக் கவிழ்த்து வைத்தார்.

"இல்ல, வரணும்னா அவருக்குச் சோறு கட்டிக்கணும். போயாச்சுன்னா கம்பளி உள்சட்டை எடுத்துக்கணும். ரெண்டையும் தூக்கிட்டு பஸ்ஸுல வர முடியாது. அப்புறம் மேல்முறையீடு செஞ்சா என்ன ஆகும்னும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதையும் இப்பவே சொல்லிட்டீங்கன்னா ஒரு வேலை முடியும்."

அவள் கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. சோறு கட்டிக்கொண்டு வாருங்கள் அக்கா என்று மட்டும் போங் சொன்னார். அவள் போனபிறகு, அறையில் யாருக்கும் காப்பி வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் தக், போங்கைப் பிடரியில் கைவைக்காத குறையாக மருத்துவமனைக்கு இழுத்துப் போனார். நீதிபதியின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கவேண்டும். போங் விழுந்தார், விழுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை, எழுந்திருப்பதில்தான் சிரமம். பியோ இன்னும் சிவப்பாக இருந்தார். கட்டிலில் சாய்ந்து, ஈரத்துணியைத் தலையில் வைத்தபடி, எவ்வளவு என்று தக்கைக் கேட்டார்.

சோல் ஆபீஸ் கடைசியாக ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லியிருந்தது. அதைச் சொல்லவே தக்குக்கு நாக்குத் தடுமாறியது.

"ஐயா, நாளைக்கு நீங்க உங்க விருப்பப்படி தீர்ப்புச் சொல்லலாம்."

பியோ தலையணையிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்தார். "விருப்பப்படின்னா எத்தனை வருஷம்?"

"எத்தனையும் இல்லை ஐயா. உங்க மனசுக்கு என்ன படுதோ அது."

"புரியுது, புரியுது. ஆனா எனக்கு என்ன படணும்?"

"நிஜமாவே உங்க இஷ்டம்தாங்க."

"தக்," என்றார் நீதிபதி குரலைத் தாழ்த்தி, "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

தரையிலிருந்து எழ முடியாமல் இருந்த போங்குக்கு அங்கிருந்து பார்க்கும்போது அந்த இரண்டு பேரும் வழி தெரியாமல் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்ளும் வெளியூர்க்காரர்களைப் போலத் தெரிந்தார்கள். இதில் ஏதோ பொறி இருக்கிறது என்றே பியோ நினைத்தார். ஜாடையில் சொல்கிறாரோ என்று தக்கின் கண்ணைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். கடைசியில் போங்கிடம், ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டார். வழக்கமாகப் போங் இந்த மாதிரிக் கேள்விக்கு வானிலையைத்தான் பதிலாகச் சொல்வார். அன்றைக்கு, தரைக்குப் பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, உண்மையைச் சொன்னார்.

"நாளைக்கு என்ன தீர்ப்புன்னு யாரும் பேசிக்கல ஐயா. நாளைக்கும் அதே தீர்ப்பைச் சொல்ல உங்களுக்கு வெட்கமா இருக்குமா இருக்காதான்னுதான் பேசிக்கறாங்க. பந்தயம்கூடக் கட்டியிருக்காங்க."

பியோ ஈரத்துணியை எடுத்துவிட்டு, வழக்குக் கட்டை அனுப்பச் சொன்னார். எதற்கு ஐயா என்று தக் கேட்டுவிட்டார். படிப்பதற்கு என்று சொல்ல நீதிபதிக்கே கூச்சமாக இருந்தது.

மறுநாள் நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. எல்லார் கையிலும் முந்தினநாள் பத்திரிகை. போங் முதல் வரிசையில், ஒன்றுமே எழுதாத வெள்ளைத்தாளோடு உட்கார்ந்தார். தனக்கு முடிவு தெரியாத ஒரு வழக்கில் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஒக்புன் இரண்டு மூட்டை வைத்திருந்தாள். எப்படியோ பஸ்ஸில் இரண்டையும் தூக்கி வந்திருக்கிறாள்.

பியோ வந்தார். நிறம் ஓரளவு திரும்பியிருந்தது. மாவை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இந்தச் சட்டம் பொய்யைப் பரப்பறவங்களுக்கு. நீ சொன்னதுல எது பொய்?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று மா எதிர்பார்க்கவில்லை. நேர்மையாக யோசித்தார். "ஆட்சியை எடுத்துக்கறேன்னு சொன்னேனுங்களே ஐயா, அது பொய்தான். எனக்கு எங்கே நேரம்?"

சபையில் சிரிப்பு எழுந்தது. அரசு வக்கீல் எழுந்து, எலி கடித்தது போல என்று காவல்துறையை இழிவுபடுத்தியது அப்பட்டமான பொய் என்றார். அப்படியா என்று கேட்ட பியோ, நாற்சந்தியில் முடி வெட்டப்பட்டவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா என்று சபையைப் பார்த்தார். பின்வரிசையில் ஒரு கல்லூரி மாணவன் தயங்கித் தயங்கித் தொப்பியைக் கழற்றினான். பியோ அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையைவிட்டு இறங்கினார். நீதிபதி அந்தப் படியில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. பழக்கமில்லாததால் கடைசிப்படியில் தடுக்கியும் விட்டார். மாணவனைத் திருப்பி நிறுத்தி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, பின்மண்டையை இடப்பக்கத்திலிருந்தும் வலப்பக்கத்திலிருந்தும் பார்த்தார். அரசு வக்கீலையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். சந்தேகத்துக்கு இடமே இருக்கக்கூடாது என்பதற்காகத் தொழில் தெரிந்த ஒருவரையும் கேட்கலாம் என்று குற்றவாளிக் கூண்டைத் திரும்பிப் பார்த்தார். மாவுக்கு முகமே கோணிப்போனது.

"ஐயா, எலிகூட ஒரு பக்கமா ஆரம்பிச்சு இன்னொரு பக்கம் முடிக்குங்க."

பியோ மேடை ஏறினார். "பின்மண்டையை நீதிமன்றம் நேரில் பார்வையிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னது உண்மை. உண்மையைச் சொல்றதுக்கு இந்தச் சட்டத்துல தண்டனை இல்லை. நான் ராத்திரி முழுக்கத் தேடிப் பார்த்துட்டேன். விடுதலை."

ஒக்புன் சோற்று மூட்டையை எடுப்பதா உள்சட்டை மூட்டையை எடுப்பதா என்று தெரியாமல் இரண்டின்மேலும் உட்கார்ந்துவிட்டாள். போங் வெள்ளைத்தாளில் எழுத ஆரம்பித்தார். இந்தமுறை எழுத்து கோணலாக வந்தது.

அந்தச் செய்தி வரவில்லை.

முதலில் சோல் ஆபீஸ், பெரிசாகப் போடு, நான்கு பத்தி, படத்தோடு என்றது. நம் நீதியின் சுதந்திரத்தை உலகம் பார்க்கட்டும். அச்சுக்கோர்த்து முடிக்கும்போது மறுபடி தொலைபேசி. வெளிநாட்டு நிபுணர்கள் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். இனி அந்தத் தீர்ப்பு நடக்கவே இல்லை.

ஆகவே ஹாசொங்கில் விசித்திரமான நிலைமை ஏற்பட்டது. மாகாணத்துக்கு ஒரே பத்திரிகை. அதன்படி மா மூன்று வருஷத்துக்குச் சிறையில் இருந்தார். ஆனால் சந்தைத் தெருவில் சலூனைத் திறந்துவைத்துக்கொண்டும் இருந்தார். நீதிமன்றத்துக்கு வராதவர்கள், விடுதலையானதை நம்பவில்லை. தப்பி வந்துவிட்டார் என்று எதிர்ப்பக்கத்து நடைபாதையில் போனார்கள். புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ்காரர் ஒருவர் பத்திரிகையைக் காட்டி, நீ உள்ளேதானே இருக்கவேண்டும் என்று அவரை இருமுறை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். இப்படியே போனால் ஜெயிலே தேவலை என்றார் மா. அங்கே மொட்டையடிக்கவாவது ஆள் வரும்.

இதைப் போங்கால் தாங்க முடியவில்லை. நாம்குங்கிடம் ஒரே ஒரு வரி கேட்டுப் பார்த்தார். நாம்குங் கண்ணை மூடிக்கொண்டு, தக் எல்லாப் பக்கத்தையும் பார்க்கிறார் என்றார். பிறகு கண்ணைத் திறக்காமலே, சிறுவிளம்பரப் பக்கத்தை மட்டும் அவர் பார்ப்பதில்லை, அதில் பன்றிக்குட்டி விற்பனைதான் வரும் என்றும் சொல்லிவிட்டு, தூங்குகிற மாதிரி இருந்துகொண்டார்.

மறுநாள் பன்றிக்குட்டிகளுக்கும் பழைய தையல் இயந்திரத்துக்கும் நடுவே இப்படி ஒரு விளம்பரம் வந்தது: "சந்தைத் தெரு மா சலூன் வழக்கம்போல் திறந்திருக்கிறது. உரிமையாளர் மா அவர்களே வெட்டுகிறார். முறைப்படி வெளியே வந்தவர். பின்மண்டைக்கு உத்தரவாதம்."

ஊருக்கு அது போதும். அதற்கடுத்த நாள் சூப்புக் கடைக்காரம்மா ஒரு விளம்பரம் கொடுத்தாள்: மா சலூனில் முடிவெட்டி வருகிறவர்களுக்கு முள்ளங்கி ஊறுகாய் கூடுதல். குளியல் கூடம், வெட்டிய முடி உறுத்தினால் நேரே வரவும் என்றது. தையல் கடை, செருப்புக் கடை, பெயர் போடாமல் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பன்றிக்குட்டிகளுக்கு இடமில்லாமல் போயிற்று. செய்திப் பக்கத்தில் அரசாங்கத்தின் விளம்பரம் வந்தது, விளம்பரப் பக்கத்தில் ஊர்ச் செய்தி வந்தது. வாசகர்கள் பத்திரிகையைப் பின்னாலிருந்து படிக்கப் பழகிக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் விலை இருந்தது. பியோவின் பதவியை அந்த வருஷம் புதுப்பிக்கவில்லை. காரணம் கேட்டதற்கு உடல்நிலை என்றார்கள். அவர் ஊரிலேயே ஒரு சின்ன அறை பிடித்து வக்கீல் பலகை மாட்டினார். தினமும் வழக்குக் கட்டுகளைப் படிக்கிறார் என்றும், படிக்கப் படிக்கக் கெட்ட வார்த்தை சொல்கிறார் என்றும் கேள்வி. போங்குக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. வாசலில் ஜீப் நிற்கிற மாதிரியே இருந்தது. மனைவி அவருக்கும் ஒரு கம்பளி உள்சட்டையை எடுத்து வைத்துவிட்டாள்.

ஒருநாள் ஒக்புன் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு ஆபீசுக்கு வந்தாள். விளம்பரத்தை நிறுத்தச் சொன்னாள். கூட்டம் தாங்கவில்லை, அவருக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது, நீங்களே வந்து பாருங்கள் என்றாள். போங் கிழங்கைத் தின்றுகொண்டே சலூனுக்குப் போனார்.

பெஞ்சு நிறைய ஆட்கள். ஆனால் யாரும் பேசவில்லை. எல்லாரும் சுவரையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியைப் பார்த்ததும் போங்குக்குத் தொண்டையில் கிழங்கு நின்றது. கழுத்துவரை வெள்ளைத்துணியும் மூக்குவரை சோப்பு நுரையுமாகத் தக் சாய்ந்திருந்தார். மடியில் மடித்த பத்திரிகை, விளம்பரப் பக்கம் மேலாக.

மா சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். அரிசி விலையில் ஆரம்பித்து ரோடு, அங்கிருந்து நாற்சந்திக் கத்தரிக்கோல், அங்கிருந்து நேரே சோல் வரை போய்விட்டார். அரிசிக்கள் கடையில் சொன்னதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஒக்புன் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினாள், இருமினாள், அவர் காலை மிதித்தாள். மா கண்டுகொள்ளவில்லை. கத்தியைத் தக்கின் தாடைக்குக் கீழே, குரல்வளைக்குப் பக்கத்தில் மெத்தென்று வைத்தார்.

"நான் சொல்றது சரிதானுங்களே சார்? தப்புன்னா தலையை ஆட்டுங்க."

தக் கூரையைப் பார்த்தார். கண்ணாடி வழியாகப் போங்கைப் பார்த்தார். தலையை மட்டும் அசைக்கவே இல்லை.